புதுக் கமரா வந்திருக்கிறது. வாங்குவோமா?



எங்கள் பாடசாலைக்குக் கமரா வாங்கக் காசு சேர்த்துத் தந்த பழைய மாணவர்கள் எல்லோரும் ஒரே கேள்வியைத்தான் கேட்கிறார்கள். "மாஸ்டர், நிக்கோன் புதுசு ஒன்று அறிவிச்சிருக்கே, அதையே எடுப்பமா?" தனித்தனியாகப் பதில் சொல்லிக் களைத்துவிட்டோம். அதனால் எல்லோருக்கும் சேர்த்து இங்கே எழுதுகிறோம். கொஞ்சம் நீளம்தான். காசு உங்களுடையது, ஆகவே கணக்கையும் நீங்கள் பார்க்க வேண்டும்.

"நாங்கள்" என்பது மூன்று ஆசிரியர்கள். இல்ல விளையாட்டுப் போட்டி, பரிசளிப்பு விழா, மீலாத் விழா என்று எது நடந்தாலும் போட்டோ எடுக்கிற வேலை எங்கள் தலையில்தான். இந்த மழையும் வெள்ளமும் வந்து உயர்தரப் பரீட்சையே தள்ளிப்போன நாட்களில், வீட்டோடு இருந்து மூன்று நான்கு கமராக்களை மேசையில் வைத்து ஒப்பிட்டுப் பார்த்தோம்.

எங்களிடம் இப்போது இருப்பது டி90. நிக்கோன் அதை 2008 ஓகஸ்டில் அறிவித்தது. எஸ்எல்ஆர் வகைக் கமராக்களில் வீடியோ எடுக்கக்கூடியதாக முதலில் வந்தது அதுதான். 12.3 மெகாபிக்சல். ஒரு பழைய மாணவர் தான் பாவித்ததை 2011இல் தந்தார். ஊருக்குத் திரும்பிவந்து ஓட்டை உடைசலைத் திருத்திக்கொண்டிருந்த காலம் அது. பாடசாலையில் கதிரை மேசையே போதாது, அதற்குள் கமரா வேறு என்று சிலர் சிரித்தார்கள். இன்று அதன் பிடியில் இருந்த ரப்பர் கழன்று, சைக்கிள் ரியூப் ஒட்டுகிற பசை போட்டு ஒட்டியிருக்கிறோம். ஆனாலும் வேலை செய்கிறது.

புதிதாக வந்திருப்பது இசட்50 இரண்டாவது பதிப்பு. 2024 நவம்பர் 7ஆம் திகதி அறிவித்தார்கள். அப்போது அமெரிக்காவில் உடலுக்கு மட்டும் 909.95 டொலராக இருந்தது. ஆக மலிவுமில்லை, தொழில்காரர் வாங்கும் ஆகப் பெரியதுமில்லை, நடுத்தரம். அந்த நேர டொலர் விலைக்கு அதுவே இரண்டரை லட்சம் ரூபாயைத் தாண்டியது. வரியும் கடைக்காரரின் இலாபமும் சேர்ந்தால் மூன்று லட்சத்துக்குக் கீழே நிற்காது. உங்களிடமிருந்து சேர்ந்திருப்பது மூன்றரை லட்சம்.

புதுக் கமராவை நாங்கள் இன்னும் கையில் பிடிக்கவில்லை. ஆனால் அதன் முதல் பதிப்பான 2019ஆம் ஆண்டு இசட்50ஐ, லண்டனில் இருந்து கல்யாணத்துக்கு வந்த ஓர் உறவுக்காரரிடம் ஐந்து நாள் இரவல் வாங்கினோம். படம் பதிகிற சென்சர் இரண்டிலும் 20.9 மெகாபிக்சல்தான். டவுனில் ஸ்டூடியோ வைத்திருக்கிற ஒரு நண்பர் தன்னுடைய டி7500ஐ விற்க இருந்தார். அது 2017இல் வந்தது. அதிலும் அதே 20.9 மெகாபிக்சல்.

இனி ஒப்பீட்டுக்கு வருவோம்.

முதலில் புதுசின் நல்ல பக்கம். டி90, டி7500 எல்லாம் உள்ளே கண்ணாடி வைத்த கமராக்கள். வெளிச்சத்தில் ஒரு பங்கு கண்ணாடியில் பட்டு நம் கண்ணுக்கு வரும், இன்னொரு பங்கு கீழே உள்ள போகஸ் கருவிக்குப் போகும். டி90இல் அந்தக் கருவி பார்க்கிற புள்ளிகள் 11 மட்டுமே. பெரும்பாலும் நடுவில். மேடையின் ஓரத்தில் நிற்கிற பிள்ளையை எடுக்க வேண்டுமென்றால் நடுப்புள்ளியை அவள் முகத்தில் வைத்து, விசையைப் பாதி அழுத்திப் பிடித்து, பிறகு கமராவைத் திருப்ப வேண்டும். டி7500இல் புள்ளிகள் 51. இசட்50இல் கண்ணாடியே இல்லை. படம் பதிகிற சென்சரே போகஸையும் பார்க்கிறது. 209 புள்ளிகள், சட்டகத்தின் ஓரம் வரைக்கும். முகம் எங்கே இருக்கிறது, கண் எங்கே இருக்கிறது என்று தானே தேடிப் பிடிக்கிறது.

புதுப் பதிப்பு இன்னும் கெட்டிக்காரன். மனிதர், நாய், பூனை, பறவை, கார், மோட்டார் சைக்கிள், சைக்கிள், ரயில், விமானம் என்று 9 வகையை அடையாளம் காணுமாம். எங்களில் இளையவர் இதை வாசித்துவிட்டு, "ரயிலுக்கு யாழ்தேவி இருக்கு, விமானத்துக்குப் பலாலி இருக்கு, எங்களுக்காகவே செய்திருக்கிறான்" என்றார். மற்றவர் கேட்டார், "ஆடு மாடு இல்லையா? குர்பானி நேரம் என்ன செய்யிறது?"

பகிடி ஒருபுறம். கண்ணைத் தானே பிடிப்பது சின்ன விசயமில்லை. ஏன் என்று பிறகு சொல்கிறோம்.

இரண்டாவது, பற்றரி. நிறுவனக் கணக்கின்படி டி90 ஒரு முறை ஏற்றினால் 850 படம், டி7500 950 படம். புது இசட்50 கண்வழியே பார்த்து எடுத்தால் 230 படம் மட்டும்தான். திரையும் சென்சரும் எந்நேரமும் விழித்திருப்பதால் அந்தச் செலவு. நடைமுறையில் எல்லாக் கமராவும் இதைவிடக் கூட எடுக்கும் என்றாலும் விகிதம் மாறாது. இல்ல விளையாட்டுப் போட்டி நாளில் நாங்கள் ஆயிரம் படத்துக்குக் குறையாமல் எடுக்கிறோம். அதற்கு நான்கு பற்றரி வேண்டும். 2022இல் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை கரண்ட் போன நாட்களை யாரும் மறந்திருக்கமாட்டீர்கள்.

மூன்றாவது லென்ஸ். இங்கேதான் கடையில் சொல்லாத கதை இருக்கிறது. எங்கள் பையில் 50 மில்லிமீற்றர் எஃப்1.8 டி என்ற சின்ன லென்ஸ் ஒன்று கிடக்கிறது. அதற்குள் மோட்டார் இல்லை. கமராவின் உடலில் இருக்கிற மோட்டார்தான் திருகாணி போல அதைச் சுழற்றும். டி90இலும் டி7500இலும் அந்த மோட்டார் உண்டு. புது இசட் வகையில் இல்லை. நிக்கோனின் இணைப்பு வளையத்தைத் தனியாக வாங்கிப் போட்டாலும் இந்த லென்ஸில் கையால்தான் போகஸ் பண்ண வேண்டும். கண்ணைத் தேடிப் பிடிக்கிற அந்தக் கெட்டித்தனம் எங்கள் லென்ஸோடு வேலை செய்யாது.

சரி, புதுசோடு சேர்ந்து வருகிற 16-50 லென்ஸைப் பாவிக்கலாமே என்பீர்கள். பாரம் இல்லாத நல்ல லென்ஸ்தான். ஆனால் 50 மில்லிமீற்றரில் வைத்தால் அதன் துவாரம் எஃப்6.3க்கு மேல் திறக்காது. எஃப்1.8ஐயும் எஃப்6.3ஐயும் பிள்ளைகளுக்குக் கணக்காகவே கொடுக்கலாம். 6.3ஐ 1.8ஆல் பிரித்து இருபடி எடுங்கள். பன்னிரண்டு வரும். அதாவது எங்கள் பழைய சின்ன லென்ஸ் பன்னிரண்டு மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடுகிறது. ஒரே ரியூப்லைட்டின் கீழ் டி90ஐ ஐஎஸ்ஓ 800இல் வைத்து எடுக்கிற படத்தை, அந்த லென்ஸோடு புதுக் கமராவில் எடுக்க ஐஎஸ்ஓவைப் பத்தாயிரத்துக்குக் கிட்ட ஏற்ற வேண்டும். எடுத்துப் பார்த்தோம். பதினாறு வருடப் பழசு எடுத்த படம்தான் துப்புரவாக இருந்தது. சென்சரில் வந்த முன்னேற்றத்தை லென்ஸின் சின்னத் துவாரம் தின்றுவிட்டது.

புதுசுக்கு ஏற்ற பெரிய துவார லென்ஸ் இல்லாமலில்லை. 40 மில்லிமீற்றர் எஃப்2 இருக்கிறது. ஆனால் அது தனிச் செலவு. மூன்றரை லட்சத்துக்குள் அடங்காது.

நான்காவது மெகாபிக்சல். "12 போதுமா மாஸ்டர், கைபேசியிலேயே 50, 108 வருதே" என்று கேட்கிறீர்கள். நாங்கள் எடுத்திருக்கிற வேலைகளில் ஒன்று, ஆட்களின் வீடுகளில் மிஞ்சியிருக்கிற பழைய போட்டோக்களைப் பிரதி எடுப்பது. ஆறு அங்குல நீளமான தபாலட்டை அளவுப் படத்தைச் சட்டகம் நிறைய வைத்து டி90இல் எடுத்தால் ஓர் அங்குலத்துக்கு ஏழு நூறு புள்ளிக்கு மேல் கிடைக்கும். நல்ல அச்சுக்கு முந்நூறு போதும். 1975இல் கொடக் நிறுவனத்தில் ஸ்டீவன் சாசன் செய்த முதல் டிஜிற்றல் கமராவுக்கு இருந்தது பத்தாயிரம் புள்ளிகள்தான், ஒரு மெகாபிக்சலில் நூறில் ஒரு பங்கு. ஒரு படத்தைக் கசற்றில் பதிய 23 செக்கன் எடுத்தது. அங்கிருந்து 12 மெகாபிக்சலுக்கு வந்தது பெரிய பயணம். 12இல் இருந்து 20க்குப் போவது எங்கள் வேலைக்குப் பெரிய வித்தியாசம் இல்லை.

ஐந்தாவது, இணையம். புதுசில் எடுத்த படத்தை நேரே இணையக் களஞ்சியத்துக்கு அனுப்பும் வசதி இருக்கிறது. வசதிதான். ஆனால் எங்கள் பாடசாலையில் பெண்பிள்ளைகளின் படத்தைப் பெற்றோர் சம்மதம் இல்லாமல் எங்கும் போடுவதில்லை என்று ஒரு முடிவு இருக்கிறது. படம் முதலில் எங்கள் கையில் நின்று, பார்த்து, பிரித்து, பிறகு வெளியே போவதுதான் எங்களுக்குச் சரி. இந்த விசயத்தில் டி90இன் பின்தங்கிய குணம் எங்களுக்கு உதவிதான்.

இவ்வளவும் தாளில் உள்ள கணக்கு. இனி ஏன் இந்தக் கணக்கைப் பார்க்கத் தொடங்கினோம் என்பதைச் சொல்ல வேண்டும்.

எங்கள் சோனகத்தெருவில் முப்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டவர்களின் வீடுகளுக்குப் போய், "உங்கட குழந்தைப் பருவப் போட்டோ இருக்கா" என்று கேட்டுப் பாருங்கள். 1990 ஒக்டோபர் 30ஆம் திகதி, புலிகள் ஒலிபெருக்கியில் அறிவித்து, ஜின்னா மைதானத்துக்கு வரச்சொல்லி, இரண்டு மணித்தியாலத்தில் வெளியேறச் சொன்ன நாள். சில நூறு ரூபாயும் கைப்பை உடுப்பும்தான் கொண்டுபோகலாம். வடக்கில் இருந்து எழுபதாயிரத்துக்கு மேற்பட்ட எங்கள் ஆட்கள் அந்த மாதத்தில் போனார்கள். புத்தளத்துக்குப் போய்ச் சேர்ந்த பிறகு நகை போனதைச் சொல்லி அழுதவர்கள் உண்டு, காணி உறுதியைச் சொல்லி அழுதவர்கள் உண்டு. அல்பத்தைப் பற்றி அப்போது யாரும் கதைக்கவில்லை. பசிக்கிற நேரம் போட்டோவா நினைவுக்கு வரும்? பத்துப் பதினைந்து வருடம் போன பிறகுதான், பிள்ளைகள் "எங்கட அப்பா எப்படி இருந்தார்" என்று கேட்டபோதுதான், இல்லை என்பது தெரிந்தது.

எங்கள் வீடுகளில் போட்டோவைச் சுவரில் மாட்டுகிற வழக்கமும் பெரிதாக இருக்கவில்லை. உருவப்படம் கூடாது என்று சொன்ன மூத்தவர்கள் இருந்தார்கள். கல்யாணப் படம், ஹஜ்ஜுக்குப் போன பாஸ்போட் படம் எல்லாம் அலுமாரிக்குள், சேலை மடிப்புக்குள் இருந்தன. அலுமாரியோடு போய்விட்டன.

எங்கள் பக்கத்துத் தெருவில் ஒரு பெரியம்மா இருந்தா. புத்தளத்தில் இருபது வருடம் இருந்துவிட்டு ஊருக்குத் திரும்பி வந்தவ. மனிசர் முகாமிலேயே மௌத்தாகிவிட்டார். அவருடைய முகம் மிஞ்சியிருந்தது பழைய அடையாள அட்டையில் மட்டும். சட்டைப் பையில் இருந்ததால் தப்பிய அட்டை. ஐந்து வருடத்துக்கு முன்னர் அதை எங்களிடம் கொண்டுவந்தா.

"மாஸ்டர், இதை ஒருக்காப் பெருப்பிச்சுத் தர ஏலுமா?"

டி90இல் லென்ஸுக்கு முன்னால் உருப்பெருக்கிக் கண்ணாடி ஒன்றைப் பொருத்தி, பிளாஸ்டிக் உறை மினுங்காதபடி ஜன்னலோரம் சரித்து வைத்து எடுத்தோம். தபாலட்டை அளவில் அச்சடித்துக் கொடுத்தோம். படம் துல்லியம் என்று சொல்ல முடியாது. பெரியம்மா கனநேரம் பார்த்தா. "மூக்கு இவர்ர மூக்குத்தான்" என்றா. பிறகு மருமகளைக் கூப்பிட்டு, "இஞ்ச பார், உன்ட மகனுக்கும் இதே மூக்குத்தானே" என்றா. அன்றைக்கு எங்களுக்குத் தேத்தண்ணியோடு வட்டிலப்பமும் கிடைத்தது.

போன மே மாதம் அவவின் பேத்திக்கு நிக்காஹ். வீட்டுக்குள்ளே, ரியூப்லைட் வெளிச்சத்தில், பெரியம்மா புதுச் சேலையோடு கதிரையில் இருந்தா. "என்னையும் ஒன்று எடுங்க, பிறகு பேரப்பிள்ளைகள் அட்டையைத் தூக்கிக்கொண்டு திரியக்கூடாது" என்று சிரித்தா. எடுத்தோம். இரண்டே இரண்டு படம். மாப்பிள்ளை வீட்டார் வந்துவிட்டார்கள் என்று சத்தம் கேட்டது, எழும்பி ஓடினோம். பிறகு ஆறுதலாக நல்ல படம் ஒன்று எடுப்போம் என்று நினைத்தோம்.

ஓகஸ்டில் பெரியம்மா மௌத்தானா. இன்னாலில்லாஹி வஇன்னா இலைஹி ராஜிஊன். மூன்று நாள் போக மகள் வந்து கேட்டா, "நிக்காஹ் அண்டைக்கு உம்மாவை எடுத்தீங்களே." கணினியில் திறந்து பார்த்தோம். இரண்டு படத்திலும் பின்னால் தொங்கிய ஜன்னல் சீலையின் பூ ஒவ்வொன்றும் தெளிவாக இருந்தது. பெரியம்மாவின் முகம் மங்கல்.

அந்த மகளிடம் என்ன சொல்வது? "கமரா பழசு தங்கச்சி" என்றோம். அன்றிரவே உங்களுக்கெல்லாம் செய்தி அனுப்பினோம், புதுக் கமரா வேண்டும் என்று. நீங்களும் மூன்று கிழமையில் காசை அனுப்பிவிட்டீர்கள். அல்லாஹ் உங்களுக்கு பரக்கத் செய்வானாக.

மழை நாட்களில் ஒப்பிட இருந்தபோது அந்தப் படத்தின் விவரத்தையும் திறந்து பார்த்தோம். டிஜிற்றல் கமரா எடுத்தவரின் பிழையையும் எழுதி வைத்துவிடும். பதினைந்தில் ஒரு செக்கன். துவாரம் எஃப்5. ஐஎஸ்ஓ 800. போகஸ் புள்ளி நடுவில். பெரியம்மா சட்டகத்தின் இடப்பக்கம் இருந்தா. நடுவில் இருந்தது ஜன்னல் சீலை. கமரா சொன்னதைச் செய்திருக்கிறது. சொன்னது நாங்கள். அந்த 50 மில்லிமீற்றர் லென்ஸ் அன்று பைக்குள்தான் இருந்தது. மாற்ற அரை நிமிடம் போதும். அவவை ஜன்னல் பக்கம் கொஞ்சம் திருப்பி இருத்தியிருந்தால் அதுவும் போதும்.

மகளின் சம்மதத்தோடு அதே அறைக்குப் போனோம். அதே கதிரையில் எங்களில் ஒருவர் இருக்க, மூன்று கமராவாலும் எடுத்தோம். டி90இல் 50 லென்ஸைப் போட்டு, புள்ளியைக் கண்ணில் வைத்து எடுத்தபோது நல்ல படம் வந்தது. பத்தில் ஆறு. எஃப்1.8இல் கூர்மை சில சென்ரிமீற்றர் ஆழத்துக்குத்தான் இருக்கும். ஆள் அசைந்தால் போய்விடும். டி7500இல் அதே லென்ஸோடு பத்தில் எட்டு. இசட்50இல் பத்துக்குப் பத்தும் கண்ணில் போகஸ். ஆனால் முகத்தில் புள்ளி புள்ளியாக மணல் தூவினது போல. மறைக்காமல் சொல்கிறோம், அன்று நிக்காஹ் வீட்டில் எங்கள் கையில் புதுசு இருந்திருந்தால், நாங்கள் விட்ட பிழையையும் மீறிப் பெரியம்மாவின் முகம் கிடைத்திருக்கும். மணல் தூவினதுதான், ஆனால் முகம். அவசரக்காரருக்குப் புதுக் கமரா உதவும். அந்த நியாயத்தைக் குறைத்துச் சொல்ல முடியாது.

இதனால்தான் எங்களுக்குள் மூன்று நாள் வாக்குவாதம். இளையவர் சொன்னார், "கண்ணாடிக் கமராவின் காலம் முடிஞ்சுது. புதுசா ஒன்றும் வரப்போறதில்லை. நாளைக்கு எங்களுக்குப் பின்னால் வாறவங்கள் பாவிக்க வேண்டாமா?" அதற்கும் பதில் தேடினோம். டி7500இன் பற்றரி வகையைத்தான் நிக்கோனின் இன்றைய பெரிய கமராக்களும் பாவிக்கின்றன. அது கிடைக்காமல் போகாது. லென்ஸ்கள் பழசாக மலிவாகக் கிடைக்கும். இன்னும் ஐந்து ஆறு வருடம் ஓடும். அதற்குள் இன்றைய புதுசும் பழசாகி எங்கள் கைக்கு எட்டும்.

இன்னொன்றும் யோசித்தோம். 2015ஆம் ஆண்டு இல்ல விளையாட்டுப் போட்டிப் படங்கள் முழுவதும் இன்று இல்லை. ஒரே ஒரு ஹார்ட் டிஸ்கில் வைத்திருந்தோம், அது பழுதாகிவிட்டது. 1990இல் எங்களிடமிருந்து பறிபோனது ஒன்று, 2015இல் எங்கள் கவலையீனத்தால் போனது இன்னொன்று. எவ்வளவு நல்ல கமராவும் அதைத் தடுக்காது.

ஆகவே முடிவு இது. ஸ்டூடியோ நண்பரின் டி7500ஐ ஒன்றரை லட்சத்துக்கு வாங்குகிறோம். டி90 பழைய படம் பிரதி எடுக்கும் வேலைக்கு மேசையோடு நிற்கும். மிச்சக் காசில் ஒரு ஸ்கானர், இரண்டு ஹார்ட் டிஸ்க். ஒன்று பாடசாலையில், மற்றது வேறொரு வீட்டில். அதற்குப் பிறகும் மிஞ்சுவது அச்சுச் செலவுக்கு. எடுத்த படத்தை வட்ஸ்அப்பில் அனுப்பினால் சுருங்கிப் போகும், கைபேசி உடைந்தால் அதுவும் போகும். ஒவ்வொரு வீட்டுக்கும் கடதாசியில் ஒரு படமாவது கொடுப்போம். பொதுவான படங்களையும் ஆவணங்களையும், வீட்டாரின் அனுமதியோடு, 2005இல் இருந்து ஈழத்து நூல்களையும் ஆவணங்களையும் இணையத்தில் சேர்த்துவரும் நூலகம் நிறுவனத்துக்குக் கொடுப்பது பற்றியும் கதைக்க இருக்கிறோம். கணக்குச் சிட்டை பாடசாலையில் இருக்கும், யாரும் வந்து பார்க்கலாம். புதுசுதான் வேண்டும் என்று நினைத்துக் காசு தந்தவர்கள் உள்பெட்டியில் சொல்லுங்கள். திருப்பித் தருவதில் எங்களுக்குச் சங்கடமில்லை.

மழை விட்டதும், இன்ஷா அல்லாஹ், வெள்ளிக்கிழமைகளில் அஸருக்குப் பிறகு வீடு வீடாக வருவோம். எழுபது வயதுக்கு மேற்பட்டவர்களை முதலில். புதுச் சேலை வேண்டாம், அலங்காரம் வேண்டாம். ஜன்னலோரம் ஒரு கதிரை போதும். அவசரப்படமாட்டோம், வாசலில் யார் வந்தாலும் எழும்பி ஓடமாட்டோம். படத்தில் வர விரும்பாதவர்களை வற்புறுத்தவும் மாட்டோம். அவர்களிடம் பழைய தெருவின் கதையை மட்டும் கேட்டு எழுதிக்கொள்வோம்.

பெரியம்மாவின் மகளிடம் போன கிழமை போய் உண்மையைச் சொன்னோம், கமராவில் பிழை இல்லை தங்கச்சி, எங்களில்தான் பிழை என்று. அவ ஒன்றும் சொல்லவில்லை. உள்ளே போய் உம்மாவின் அடையாள அட்டையைக் கொண்டுவந்து மேசையில் வைத்தா. நாளை அதை ஜன்னலோரம் வைத்து எடுக்கப்போகிறோம், டி90ஆல்.

பெரியம்மாவுக்காக துஆச் செய்யுங்கள்.